விந்து பரிசோதனை ரிப்போர்ட்டை எப்படிப் புரிந்துகொள்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்யாணமாகி ஒரு வருடம் தாண்டினால் "விசேஷம் எதுவும் இல்லையா?" என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். கேள்வி பெண்ணைப் பார்த்துத்தான் வரும். அதன் பிறகு ஸ்கேன், தைராய்டு, கருக்குழாய் அடைப்பு பார்க்கும் எக்ஸ்ரே, சில நேரம் லேப்ராஸ்கோப்பி வரைக்கும் அவள் போய் வந்திருப்பாள். கணவரிடம் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்து "நீங்களும் ஒரு டெஸ்ட் எடுத்துவிடுங்கள்" என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். குழந்தை தாமதமாகும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆண் பக்கமும் ஒரு காரணம் இருக்கிறது. ஐந்தில் ஒரு தம்பதிக்கு அது மட்டுமே காரணம். ஊசி கிடையாது, மயக்க மருந்து கிடையாது, செலவும் குறைவு. இந்தப் பரிசோதனை கடைசியில் நடப்பது பெரிய அநியாயம். முதல் வாரத்திலேயே நடக்க வேண்டியது இது.

இன்னொரு பக்கம், ரிப்போர்ட் கைக்கு வந்ததும் அதில் ஏதோ ஒரு எண் தடித்த எழுத்தில் இருப்பதைப் பார்த்து இடிந்துபோகிறவர்களும் உண்டு. அவர்களுக்காகவும்தான் இந்தக் கேள்வி பதில்கள்.

எப்போது இந்த டெஸ்ட் எடுக்க வேண்டும்?

கருத்தடை எதுவும் இல்லாமல், ஒழுங்காகச் சேர்ந்திருந்து 12 மாதம் ஆகியும் கருத்தரிக்கவில்லை என்றால் இருவரும் ஒரே நேரத்தில் பரிசோதிக்க வேண்டும். மனைவிக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறு மாதம் போதும். சிறு வயதில் விதை கீழே இறங்காமல் ஆபரேஷன் செய்தவர்கள், பருவ வயதுக்குப் பிறகு பொன்னுக்கு வீங்கி வந்து விதையும் வீங்கியவர்கள், கீமோதெரபி எடுத்தவர்கள் ஒரு வருடம் காத்திருக்க வேண்டியதே இல்லை.

என் வீட்டுக்காரர் "எனக்கு ஒரு குறையும் இல்லை" என்று டெஸ்டுக்கு வர மறுக்கிறார். என்ன செய்வது?

தாம்பத்தியம் நன்றாக இருக்கிறது, விந்து வெளியேறுகிறது, அப்புறம் என்ன குறை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். விந்து திரவத்தில் விந்தணுக்களின் பங்கு மிகக் கொஞ்சம், சில சதவீதம்தான். மீதியெல்லாம் செமினல் வெசிக்கிள், புராஸ்டேட் என்ற சுரப்பிகள் சுரக்கும் நீர். ஒரு விந்தணுகூட இல்லாத விந்தும் கண்ணுக்கு அதே மாதிரிதான் தெரியும். மைக்ரோஸ்கோப் இல்லாமல் யாராலும் சொல்ல முடியாது.

ஆண்மையும் விந்தணு எண்ணிக்கையும் வேறு வேறு. எண்ணிக்கை பூஜ்யமாக உள்ள எத்தனையோ பேருக்குத் தாம்பத்தியத்தில் எந்தச் சிக்கலும் இல்லை. அவரிடம் இதைத் தனியாக, மாமியாரோ மச்சினரோ இல்லாத நேரத்தில் சொல்லுங்கள். டாக்டரே நேரில் சொன்னால் இன்னும் நல்லது. "உனக்குக் குறையா, எனக்குக் குறையா" என்று போகும் பேச்சை "இரண்டு பேரும் ஒரே நாளில் டெஸ்ட் கொடுத்துவிடலாம்" என்று திருப்பினால் பல வீடுகளில் வேலை நடக்கிறது.

சாம்பிள் கொடுக்க எப்படித் தயாராக வேண்டும்?

இரண்டு முதல் ஏழு நாள் வரை விந்து வெளியேறாமல் இருக்க வேண்டும். இரண்டு நாளுக்குக் குறைந்தால் எண்ணிக்கை குறைவாகக் காட்டும். பத்து, பதினைந்து நாள் சேர்த்துவைத்தால் எண்ணிக்கை கூடலாம், ஆனால் பழைய, ஓய்ந்துபோன அணுக்கள் அதிகமாகி அசைவு குறைந்துவிடும். "அதிக நாள் இருந்தால் ரிப்போர்ட் நன்றாக வரும்" என்பது தப்புக் கணக்கு.

கையால்தான் எடுக்க வேண்டும். எண்ணெய், சோப்பு, எச்சில், கிரீம் எதையும் பயன்படுத்தக் கூடாது. எல்லாமே அணுக்களைக் கெடுக்கும். கடையில் கிடைக்கும் சாதாரண ஆணுறையில் பிடித்துக் கொண்டுவருவதும் உதவாது. அப்புறம் முக்கியமான ஒன்று: முதலில் வரும் சில சொட்டுகளில்தான் அணுக்கள் அதிகம். பதற்றத்தில் அந்த முதல் பகுதி டப்பாவுக்கு வெளியே சிந்திவிட்டால் கூச்சப்படாமல் லேபில் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால், வராத நோய்க்கு ரிப்போர்ட் வந்துவிடும்.

கடந்த மூன்று மாதத்தில் காய்ச்சல் வந்ததா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், கடைசியாக எத்தனை நாள் இடைவெளி என்று படிவத்தில் கேட்பார்கள். அதை உள்ளபடி எழுதுங்கள்.

லேபில் வைத்து எடுக்க முடியவில்லை. வீட்டிலிருந்து கொண்டுபோகலாமா?

கதவுக்கு அந்தப் பக்கம் டோக்கன் நம்பர் கூப்பிடும் சத்தம் கேட்கும் அறையில் யாருக்கும் சுலபமாக வராது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மனைவியும் உடன் வரலாமா என்று கேளுங்கள். பல இடங்களில் விடுவார்கள். லேபில் எடுப்பதுதான் நல்லது, ஏனென்றால் நேரமும் சூடும் கட்டுக்குள் இருக்கும். முடியாவிட்டால் அவர்கள் கொடுக்கும் டப்பாவிலேயே வீட்டில் எடுத்து, எடுத்த நேரத்தை மூடியில் எழுதி, ஒரு மணி நேரத்துக்குள் சேர்த்துவிட வேண்டும். அரை மணிக்குள் என்றால் இன்னும் நல்லது.

கொண்டுபோகும் விதம்தான் பல பேர் கெடுத்துக்கொள்கிற இடம். ஐஸ் வைக்கக் கூடாது. மே மாத வெயிலில் பைக் சீட்டுக்கு அடியில் உள்ள பெட்டியில் வைக்கவே கூடாது. 20 முதல் 37 டிகிரி செல்சியசுக்குள் இருக்க வேண்டும். டப்பாவைச் சட்டைக்கு உள்ளே, உடம்பை ஒட்டி, நிமிர்ந்தபடி வைத்துக்கொண்டு போவது போதும்.

லேபில் உண்மையில் என்ன பார்க்கிறார்கள்?

வெளியேறிய உடனே விந்து கட்டியாக இருக்கும். டப்பாவை 37 டிகிரி சூட்டில் வைத்து அது நீர்த்துப்போகக் காத்திருப்பார்கள். பொதுவாக 15 முதல் 30 நிமிடம். ஒரு மணி நேரம் தாண்டினால் அதை ரிப்போர்ட்டில் குறிப்பார்கள். பிறகு அளவு, நிறம், பிசுபிசுப்பு, பிஎச் என்ற அமில அளவு பார்க்கிறார்கள். நன்றாகக் கலக்கி, ஒரு சின்னச் சொட்டைக் கண்ணாடித் துண்டில் வைத்து மேலே மெல்லிய மூடி போட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், அணுக்கள் பல வேகத்தில் ஓடுவது தெரியும். குறைந்தது 200 அணுக்களை எண்ணி, எத்தனை நேராக ஓடுகின்றன, எத்தனை நின்ற இடத்திலேயே துடிக்கின்றன, எத்தனை அசையவில்லை என்று பிரிக்க வேண்டும். அதே வேலையை இன்னொரு சொட்டில் திரும்பச் செய்து இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். எண்ணிக்கைக்குக் கட்டம் போட்ட தனிக் கண்ணாடி அறை இருக்கிறது. வடிவத்துக்குச் சாயம் ஏற்றித் தனியாகப் பார்க்கிறார்கள்.

இவ்வளவும் ஒரு மனிதர் பொறுமையாக உட்கார்ந்து செய்ய வேண்டியது. ரத்த சர்க்கரை மாதிரி மெஷினில் போட்டால் வந்துவிடும் எண் இல்லை. சாம்பிள் கொடுத்த பத்து நிமிடத்தில் முழு ரிப்போர்ட் கைக்கு வந்தால், "மொட்டிலிட்டி (அசைவு) 50, 60, 70" என்று எல்லாமே பூஜ்யத்தில் முடியும் எண்ணாக இருந்தால், அதை நம்பி எந்த முடிவும் எடுக்காதீர்கள். கருத்தரிப்பு மையத்தோடு இணைந்த லேபிலோ ஆண்ட்ராலஜி (ஆண் இனப்பெருக்கம் பார்க்கும்) பிரிவு உள்ள லேபிலோ இன்னொரு முறை எடுங்கள்.

ரிப்போர்ட்டில் போட்டிருக்கும் "நார்மல்" அளவு எங்கிருந்து வந்தது?

உலக சுகாதார நிறுவனம் 1980 முதல் இதற்கென ஒரு கையேடு வெளியிட்டு வருகிறது. இப்போது உள்ளது 2021-இல் வந்த ஆறாம் பதிப்பு. ஒரு வருடத்துக்குள் மனைவி கருத்தரித்த ஆண்களின் விந்தை ஆராய்ந்து வந்த எண்கள் அவை. 12 நாடுகளைச் சேர்ந்த 3,500-க்கும் மேற்பட்டவர்களின் கணக்கு. அந்தத் தகப்பன்மார்களில் நூறு பேரை எண்ணிக்கை வரிசையில் நிற்க வைத்தால், கீழே இருந்து ஐந்தாவது ஆள் நிற்கும் இடம்தான் ரிப்போர்ட்டில் உள்ள கீழ் எல்லை.

அந்த எல்லைகள் இவை. அளவு 1.4 மில்லி. ஒரு மில்லியில் 16 மில்லியன் அணுக்கள், அதாவது 1 கோடியே 60 லட்சம். மொத்தமாக ஒரு தடவைக்கு 39 மில்லியன், அதாவது 3 கோடியே 90 லட்சம். அசைவு மொத்தம் 42 சதவீதம், முன்னேறி ஓடுபவை 30 சதவீதம். உயிருள்ளவை 54 சதவீதம். சரியான வடிவம் 4 சதவீதம். சில லேப்கள் இன்னும் 2010 பதிப்பின் எண்களையே அச்சிடுகின்றன: அளவு 1.5 மில்லி, ஒரு மில்லியில் 15 மில்லியன், அசைவு 40, முன்னேறி ஓடுபவை 32, உயிருள்ளவை 58, சரியான வடிவம் 4 சதவீதம். அதற்கும் முந்தைய பதிப்பில் 20 மில்லியன் என்று இருந்தது. அதனால் பழைய ரிப்போர்ட்டில் "குறைவு" என்றிருந்தது புதிய கணக்கில் எல்லைக்குள் வரலாம்.

எனக்கு 12 மில்லியன்தான் இருக்கிறது. குழந்தையே பிறக்காதா?

அப்படி இல்லை. 16-க்குக் கீழே இருந்தவர்களும் அந்தத் தகப்பன்மார் பட்டியலில் இருந்தார்கள் என்பதை மறக்க வேண்டாம். எல்லைக்குக் கீழே போனால் வாய்ப்பு குறைகிறது, மாதங்கள் கூடலாம். கதவு மூடிவிட்டது என்று அர்த்தம் இல்லை. அதேபோல எல்லைக்கு மேலே இருந்தால் கட்டாயம் பிறக்கும் என்றும் இல்லை.

ஒரே ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு அழுவதுதான் எல்லாரும் செய்கிற தவறு. மூன்று எண்களைப் பெருக்கிப் பாருங்கள்: அளவு, ஒரு மில்லியில் உள்ள எண்ணிக்கை, ஓடும் சதவீதம். ஒருவருக்கு 4 மில்லி, மில்லிக்கு 10 மில்லியன், முன்னேறி ஓடுபவை 50 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஓடும் அணுக்கள் மொத்தம் 20 மில்லியன், இரண்டு கோடி. இன்னொருவருக்கு 1 மில்லி, மில்லிக்கு 25 மில்லியன், ஓடுபவை 30 சதவீதம். மொத்தம் 7.5 மில்லியன், 75 லட்சம். ரிப்போர்ட்டில் முதல் ஆளுக்குத்தான் "கவுண்ட் குறைவு" என்று எழுதியிருப்பார்கள். ஆனால் ஓடும் அணுக்கள் அவரிடம்தான் இரண்டரை மடங்குக்கும் மேல். டாக்டர்கள் சிகிச்சையை முடிவு செய்யும்போது பெரும்பாலும் இந்தப் பெருக்கல் கணக்கைத்தான் பார்க்கிறார்கள்.

மனைவியின் வயதும் இந்தக் கணக்கில் சேரும். 26 வயது மனைவி உள்ள ஒருவருக்கு 12 மில்லியன் என்பதும், 38 வயது மனைவி உள்ளவருக்கு 12 மில்லியன் என்பதும் ஒரே செய்தி இல்லை.

"சரியான வடிவம் 4 சதவீதம்" என்றால் 96 சதவீதம் ஊனமா? குழந்தைக்கு ஊனம் வருமா?

வராது. நல்ல ஆரோக்கியமான தகப்பன்மாருக்கும் பெரும்பாலான அணுக்கள் கச்சிதமான வடிவத்தில் இருப்பதில்லை. தலை முட்டை வடிவில் இருக்க வேண்டும், கழுத்து நேராக இருக்க வேண்டும், வால் சுருளாமல் நீளமாக இருக்க வேண்டும் என்று மிகக் கறாரான அளவுகோலை வைத்துப் பார்ப்பதால்தான் எண் அவ்வளவு சின்னதாக வருகிறது. அணுவின் வெளி வடிவத்துக்கும் பிறக்கும் குழந்தையின் உருவத்துக்கும் தொடர்பில்லை. மற்றதெல்லாம் சரியாக இருந்து வடிவம் மட்டும் 2 அல்லது 3 சதவீதம் என்றால், அதை வைத்து மட்டும் ஐவிஎஃப் (டெஸ்ட் டியூப் முறை) வரை ஓட வேண்டியதில்லை. எல்லா அணுக்களுக்கும் உருண்டைத் தலை மாதிரியான அபூர்வக் கோளாறுகள் வேறு கதை. அதை லேபே தனியாக எழுதும்.

அசைவில் ஏ, பி, சி, டி என்று போட்டிருக்கிறதே?

ஏ வேகமாக முன்னேறுபவை, பி மெதுவாக முன்னேறுபவை, சி நகராமல் துடிப்பவை, டி அசையாதவை. ஏ, பி இரண்டையும் கூட்டிப் பாருங்கள். அசையாதவை நிறைய இருந்தால் அவை செத்தவையா, உயிரோடு அசையாமல் கிடக்கின்றனவா என்று சாயம் வைத்துப் பார்ப்பார்கள். செத்த அணு சாயத்தை உள்ளே வாங்கிச் சிவக்கும், உயிருள்ளது வெள்ளையாகவே இருக்கும். சாம்பிள் தாமதமாகச் சேர்ந்தாலும் சூடு பட்டாலும் முதலில் அடிவாங்குவது அசைவுதான்.

விந்து அளவு அரை மில்லிதான் வந்தது. ஏன்?

முதலில் கேட்க வேண்டியது, கொஞ்சம் சிந்திவிட்டதா என்பதை. பெரும்பாலும் அதுதான். இல்லை, ஒவ்வொரு தடவையும் இவ்வளவுதான் என்றால் கவனிக்க வேண்டும். சர்க்கரை நோய் பல வருடமாக உள்ளவர்களுக்கு விந்து முன்னால் வராமல் சிறுநீர்ப்பைக்குள் பின்னால் போய்விடலாம். வெளியேறிய பிறகு சிறுநீரைப் பரிசோதித்தால் அதில் அணுக்கள் தெரியும். அளவு குறைவு, பிஎச் 7.2-க்குக் கீழே, ஃபிரக்டோஸ் இல்லை, அணுக்களும் இல்லை என்று நான்கும் சேர்ந்து வந்தால் விந்துக்குழாய் பிறவியிலேயே இல்லாமல் இருக்கலாம், அல்லது கடைசிப் பகுதியில் அடைப்பு இருக்கலாம். ஃபிரக்டோஸ் செமினல் வெசிக்கிளிலிருந்து வருகிற சர்க்கரை. அது இல்லை என்றால் அந்தப் பக்கத்து நீர் வந்து சேரவில்லை என்று பொருள். குழாய் இருக்கிறதா இல்லையா என்பதை அனுபவமுள்ள டாக்டர் விதைப்பையைக் கையால் தொட்டே சொல்லிவிடுவார்.

"பஸ் செல்ஸ்" இருக்கிறது என்று ஆன்டிபயாட்டிக் கொடுத்திருக்கிறார்கள். சாப்பிடலாமா?

மைக்ரோஸ்கோப்பில் உருண்டையாகத் தெரிவதெல்லாம் சீழ் அணு இல்லை. முதிராத விந்தணுக்களும் அதே மாதிரி உருண்டையாகத்தான் தெரியும். பெராக்சிடேஸ் என்ற சாயப் பரிசோதனை வைத்துத்தான் பிரிக்க முடியும். உண்மையான வெள்ளணுக்கள் மில்லிக்கு 10 லட்சத்தைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். எரிச்சல், வலி, காய்ச்சல் மாதிரித் தொற்றின் அறிகுறி இருந்தால், அல்லது கல்ச்சரில் கிருமி வந்தால் மருந்து தேவை. எதுவுமே இல்லாமல் ஒரு மாதம், இரண்டு மாதம் என்று ஆன்டிபயாட்டிக் நீண்டுகொண்டே போனால், எதற்காக என்று கேளுங்கள்.

ஒலிகோ, அஸ்தெனோ, டெரடோ என்றெல்லாம் எழுதியிருக்கிறது. எத்தனை நோய்?

இவை நோயின் பெயர்கள் இல்லை, எண்ணைச் சொல்லும் சுருக்கம். ஒலிகோ எண்ணிக்கை குறைவு, அஸ்தெனோ அசைவு குறைவு, டெரடோ சரியான வடிவம் குறைவு. மூன்றும் சேர்ந்திருந்தால் மூன்றையும் ஒட்டி ஒரே நீளப் பெயராக எழுதுவார்கள். அசூஸ்பெர்மியா என்றால் அணுவே இல்லை. நார்மோ என்றால் எல்லாம் எல்லைக்குள். காரணம் என்ன என்பதை இதில் ஒரு பெயரும் சொல்லாது.

போன மாதம் 40 மில்லியன், இந்த மாதம் 14. எந்த ரிப்போர்ட் சரி?

இரண்டும் சரியாக இருக்கலாம். ஒரே ஆளுக்கே வாரத்துக்கு வாரம் இவ்வளவு ஏற்ற இறக்கம் உண்டு. அதனால்தான் ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து யாருக்கும் முத்திரை குத்தக் கூடாது. முதல் ரிப்போர்ட் சரியில்லை என்றால் ஒரு மாத இடைவெளியாவது விட்டு, முடிந்தால் அதே லேபில், அதே நாள் இடைவெளியோடு மறுபடி எடுக்க வேண்டும்.

காய்ச்சல் வந்திருந்தால் மூன்று மாதம் விடுங்கள். ஒரு விந்தணு விதைக்குள் உருவாக ஏறக்குறைய 74 நாள் ஆகிறது. பிறகு எபிடிடிமிஸ் என்ற சுருண்ட குழாயில் பயணம் செய்து முதிர இன்னும் ஒன்று இரண்டு வாரம். இன்று டப்பாவில் விழுவது கிட்டத்தட்ட மூன்று மாதத்துக்கு முன்பு தொடங்கிய வேலை. ஏப்ரலில் வந்த டைபாய்டோ டெங்குவோ ஜூன் ரிப்போர்ட்டில் தெரியும். சிகரெட்டை நேற்று விட்டவருக்கு அடுத்த வாரம் எண் ஏறாததும் இதனால்தான். அணுவே இல்லை, அல்லது மிகமிகக் குறைவு என்று வந்தால் மட்டும் மூன்று மாதம் காத்திருக்காமல் உடனே இரண்டாம் முறை எடுத்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

"அணுக்கள் இல்லை" என்று வந்துவிட்டது. அடுத்து என்ன?

இந்த ஒரு வரியைப் படித்துவிட்டு டாக்டரிடமே திரும்பப் போகாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில், சாம்பிளை மெஷினில் வேகமாகச் சுழற்றி அடியில் படிந்ததைப் பார்த்தார்களா என்று கேளுங்கள். மேலோட்டமாகப் பார்த்து "நில்" என்று எழுதியதில், படிவில் சில அணுக்கள் கிடைத்துவிடுவது உண்டு. அந்தச் சில அணுக்கள் போதும், சிகிச்சையின் பாதையே மாறிவிடும்.

உண்மையிலேயே இல்லை என்றால் கேள்வி ஒன்றுதான்: உற்பத்தி இல்லையா, வழி அடைப்பா? விதைகள் நல்ல அளவில் இருந்து விதையை வேலை செய்யச் சொல்லி மூளையிலிருந்து வரும் எஃப்எஸ்எச் ஹார்மோனும் நார்மலாக இருந்தால் அடைப்பாக இருக்கும் வாய்ப்பு அதிகம். பழைய தொற்று, நம் நாட்டில் காசநோய், சிறு வயதில் செய்த ஹெர்னியா ஆபரேஷன், குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன், பிறவியிலேயே குழாய் இல்லாமை எல்லாம் இந்த வகை. இவர்களுக்கு உள்ளே அணுக்கள் உருவாகிக்கொண்டுதான் இருக்கின்றன. சில அடைப்புகளை ஆபரேஷனில் சரி செய்யலாம், இல்லாவிட்டால் ஊசி வழியாகவே எடுத்துவிட முடியும்.

விதை சிறுத்து எஃப்எஸ்எச் ஏறியிருந்தால் உற்பத்தியில் சிக்கல். அப்போது குரோமோசோம் பரிசோதனையும் ஒய் குரோமோசோமில் துண்டு விடுபட்டிருக்கிறதா என்ற பரிசோதனையும் செய்ய வேண்டும். ஒரு எக்ஸ் கூடுதலாக உள்ள கிளைன்ஃபெல்ட்டர் நிலை ஏறக்குறைய 600 ஆண்களில் ஒருவருக்கு இருக்கிறது; பலருக்கு இந்த ரிப்போர்ட் வரும்வரை தெரியவே தெரியாது. ஒய் குரோமோசோமில் அணு உற்பத்திக்கான ஏஇசட்எஃப் ஏ, பி, சி பகுதிகளில் சி மட்டும் விடுபட்டிருந்தால் விதைக்குள் அணு கிடைக்க வாய்ப்பு உண்டு; பிறக்கும் மகனுக்கும் அதே குறை போகும் என்பதையும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். ஏ அல்லது பி பகுதி முழுவதும் விடுபட்டிருந்தால் தேடும் ஆபரேஷனே வேண்டாம் என்று டாக்டர்கள் சொல்வார்கள். மற்றவர்களுக்கு மைக்ரோ-டீசே என்று மைக்ரோஸ்கோப் வைத்து விதைக்குள் தேடும் ஆபரேஷனில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அணு கிடைக்கிறது.

மூன்றாவது வகை ஒன்று உண்டு, அதைத் தவறவிடுவது பெரிய இழப்பு. மூளையிலிருந்து வரும் எஃப்எஸ்எச், எல்எச் என்ற இரண்டு ஹார்மோன்களுமே மிகக் குறைவாக இருப்பவர்கள் இவர்கள். மீசை தாடி சரியாக வளராமல், சிலருக்கு வாசனையே தெரியாமல் இருக்கும். ஹார்மோன் ஊசி தொடர்ந்து பல மாதம் போட்டால் அணு உற்பத்தியே தொடங்கிவிடும்.

வேரிகோசீல் இருக்கிறது, ஆபரேஷன் செய்யணுமா?

விதைப்பையில் ரத்தநாளம் புடைப்பது வேரிகோசீல். பெரும்பாலும் இடது பக்கம். ஆண்களில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்கு இருக்கிறது, அவர்களில் பலர் தகப்பன்மார்கள்தான். கையால் தொட்டால் தெரியும் அளவு இருந்து, விந்து ரிப்போர்ட்டும் சரியில்லாமல், மனைவி பக்கம் பெரிய சிக்கல் இல்லாமல் இருந்தால் ஆபரேஷன் பலன் தரும். பலன் தெரிய மூன்று முதல் ஆறு மாதம். ஸ்கேனில் மட்டும் தெரிகிற சின்ன வேரிகோசீலுக்குக் கத்தி வைக்கத் தேவையில்லை.

என்ன சாப்பிட்டால், எதை விட்டால் எண்ணிக்கை கூடும்?

விடுவதில்தான் பலன் அதிகம். சிகரெட், பீடி, குட்கா, அதிகக் குடி. உடல் எடை. அப்புறம் சூடு: விதைகள் உடம்புக்கு வெளியே தொங்குவதே அவை இரண்டு முதல் நான்கு டிகிரி குளிர்ச்சியாக இருக்க வேண்டும் என்பதற்காக. பரோட்டாக் கல் முன்னால், பேக்கரி அடுப்பு முன்னால், ஃபவுண்டரியில் நாள் முழுக்க நிற்பவர்கள், நீண்ட தூர லாரி ஓட்டுபவர்கள் இடையிடையே விலகிக் காற்றாட வேண்டும். மடியில் லேப்டாப் வேண்டாம். இறுக்கமான ஜட்டிக்குப் பதிலாகத் தளர்வானதும், வீட்டில் வேட்டி, கைலியும் நல்லது.

ஜிம்மில் உடம்பு ஏற்ற டெஸ்டோஸ்டிரோன் அல்லது ஸ்டிராய்டு ஊசி போடுபவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆண் ஹார்மோன் போட்டால் ஆண்மை கூடும் என்று நினைத்துப் போடுகிறார்கள். வெளியிலிருந்து வருவதைப் பார்த்ததும் மூளை தன் உத்தரவை நிறுத்திவிடும், விதை உற்பத்தியை நிறுத்திவிடும். எண்ணிக்கை பூஜ்யம் வரை போகும். நிறுத்திய பிறகு பெரும்பாலும் திரும்பும், ஆனால் பல மாதம், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். குழந்தை வேண்டும் என்று சிகிச்சைக்கு வந்தவருக்கே டெஸ்டோஸ்டிரோன் எழுதிக் கொடுத்தால், அந்தச் சீட்டை வேறொரு டாக்டரிடம் காட்டாமல் வாங்காதீர்கள்.

சத்து மாத்திரை, லேகியம்?

துத்தநாகமும் ஃபோலிக் அமிலமும் கொடுத்து அமெரிக்காவில் 2,370 தம்பதிகளிடம் நடத்திய ஆய்வு 2020-இல் வெளியானது. குழந்தை பிறப்பு கூடவில்லை. ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரைகளுக்கும் உறுதியான சான்று கிடையாது. முருங்கைக்கீரை, கடலை, மீன் நல்ல சாப்பாடு, தாராளமாகச் சாப்பிடுங்கள். மருந்து என்று நினைக்க வேண்டாம். மாதம் ஒரு முறை லாட்ஜில் அறை போட்டு லேகியம் விற்பவர்களிடம் பணத்தை மட்டுமல்ல, மனைவியின் வயதில் ஒன்றிரண்டு வருடத்தையும் தொலைக்கிறார்கள். பணத்தைச் சம்பாதித்துக்கொள்ளலாம், அந்த வருடங்கள் திரும்ப வராது.

சின்ன வயதுக் கைப்பழக்கத்தால்தான் விந்து தண்ணீர் மாதிரி இருக்கிறதா?

இல்லவே இல்லை. கைப்பழக்கத்தால் விந்தணு தீர்ந்துபோகாது. உற்பத்தி தினமும் நடந்துகொண்டே இருக்கிறது. வெளியேறிய கொஞ்ச நேரத்தில் விந்து நீர்த்துப்போவது இயற்கை. சேர்ந்த பிறகு கொஞ்சம் வெளியே வழிவதும் இயற்கை. போக வேண்டிய அணுக்கள் ஏற்கனவே போயிருக்கும்.

ரிப்போர்ட் நார்மல், மனைவிக்கும் எல்லாம் நார்மல். ஆனாலும் தங்கவில்லையே?

அணுவின் எண்ணிக்கை, ஓட்டம், வடிவம் மாதிரி வெளியே தெரிபவை மட்டும்தான் இந்த டெஸ்டில் தெரியும். அது முட்டைக்குள் நுழையுமா, அதன் உள்ளே உள்ள டிஎன்ஏ முழுசாக இருக்கிறதா என்பது தெரியாது. டிஎன்ஏ உடைவைப் பார்க்கும் தனிப் பரிசோதனை உண்டு. கரு திரும்பத் திரும்பக் கலைந்தால் கேட்டுப் பார்க்கலாம். எல்லாருக்கும் முதல் நாளே எழுதத் தேவையில்லை. அதற்கு முன்னால் ஒன்றைப் பாருங்கள்: இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறையாவது சேர்ந்திருக்கிறீர்களா? கணவர் வளைகுடாவிலோ வேறு ஊரிலோ வேலை பார்த்து, வருடத்துக்கு ஒரு மாதம் வந்துபோகிற தம்பதிக்கு "இரண்டு வருடமாகக் குழந்தையில்லை" என்ற கணக்கே பொருந்தாது.

ஐயூஐ, ஐவிஎஃப், இக்சி: எனக்கு எது?

லேபில் கழுவிய பிறகு 50 லட்சம் ஓடும் அணுக்களாவது கிடைத்தால், மனைவியின் கருக்குழாயும் திறந்திருந்தால் அவற்றைக் குழாய் வழியே கருப்பைக்குள் விடும் ஐயூஐ முயன்று பார்க்கலாம். அதற்குக் கீழே போகப்போகப் பலன் குறையும். இக்சியில் ஒரு முட்டைக்கு ஒரு அணு போதும். ஊசியால் நேராக உள்ளே செலுத்துகிறார்கள். 1992-இல் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸில் இந்த முறை வெற்றி பெற்ற பிறகுதான் மிகக் குறைந்த எண்ணிக்கை உள்ளவர்களும் சொந்த அணுவில் தகப்பன் ஆக முடிந்தது. மனைவிக்கு வயது குறைவாக இருந்து, சரி செய்யக்கூடிய காரணம் ஏதும் இருந்தால் முதலில் அதைச் சரி செய்யச் சொல்வேன். இக்சிக்காக ஊசிகள் போட்டுக்கொள்வதும் முட்டை எடுக்கும்போது படுப்பதும் குறை கணவரிடம் இருந்தாலும் மனைவிதான்.

சொந்த அணு கிடைக்கவே இல்லை என்றால்?

தானமாக வரும் விந்தணு ஒரு வழி, தத்தெடுப்பு இன்னொரு வழி. இந்தியாவில் 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்ற வங்கி மூலமாகத்தான் தானம் பெற முடியும். தானம் தருபவர் 21 முதல் 55 வயதுக்குள் இருக்க வேண்டும். ஒருவரின் அணுவை ஒரு தம்பதிக்கு மேல் கொடுக்கக் கூடாது. கணவன், மனைவி இருவரும் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். கணவருக்குத் தெரியாமல் இதைச் செய்யலாம் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

புற்றுநோய் சிகிச்சை தொடங்கப் போகிறது. இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

கீமோவும் கதிர்வீச்சும் விந்தணு உற்பத்தியை நிறுத்திவிடலாம், சிலருக்கு நிரந்தரமாக. தொடங்குவதற்கு முன்னால் விந்தை உறைய வைத்துச் சேமிக்கலாம். ஓரிரு நாளில் முடிகிற வேலை. கல்யாணமாகாத பையனாக இருந்தாலும் கேளுங்கள். பயத்தில் இருக்கும் பெற்றோருக்கு இது தோன்றாது, சில சமயம் டாக்டரும் மறந்துவிடுவார்.

எந்த டாக்டரிடம் போவது, என்ன எடுத்துப்போவது?

ரிப்போர்ட் சரியில்லை என்றால் ஆண்ட்ராலஜிஸ்ட், அல்லது ஆண் மலட்டுத்தன்மை பார்க்கும் யூராலஜிஸ்ட். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் யூராலஜி பிரிவிலும் பார்க்கலாம். ரிப்போர்ட்டை மட்டும் பார்த்துவிட்டு, உடம்பைத் தொட்டுப் பார்க்காமல் மருந்து எழுதினால் அது முழுப் பரிசோதனை இல்லை. விந்தணு குறைவாக உள்ளவர்களுக்கு விதையில் புற்றுநோய் வரும் அபாயம் மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகம். விதையைக் கையால் பார்ப்பது அதற்காகவும்தான். போகும்போது இதுவரை எடுத்த எல்லா விந்து ரிப்போர்ட்டும், எடுத்த தேதியும், அப்போது எத்தனை நாள் இடைவெளி என்பதும், சாப்பிடும் மாத்திரைகளின் அட்டையும், மனைவியின் ரிப்போர்ட்டுகளும் ஒரே ஃபைலில் இருக்கட்டும். மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள்.